ஆறாவது ஆளாக மெலோ

மெலோ என்கிற கார்மெலோ ஆந்தனியின் பழைய ஆட்டத்தைப் பார்க்காதவருக்குச் சொல்வதென்றால், அவர் பந்தை வாங்கும் இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வளையத்திலிருந்து பதினைந்து, பதினெட்டு அடி தள்ளி, முதுகால் எதிராளியை நெருக்கிக்கொண்டே பந்தை வாங்குவார். வாங்கியதும் திரும்பி நேருக்கு நேர் நிற்பார். இடது கால் ஊன்றியிருக்கும். வலது கால் ஒரு சாண் முன்னால் போய்த் தரையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். எதிராளி அரை அடி பின்வாங்குவார். மறுபடியும் கால் போகும். எதிராளி இந்தத் தடவை அசையாமல் நின்றாலும் பிரயோஜனமில்லை, முதலில் விட்டுக்கொடுத்த அரை அடியே மெலோவுக்குப் போதும். நின்ற இடத்திலேயே எழும்பி எறிந்துவிடுவார். இதற்கு நாலைந்து நொடி பிடிக்கும். அதுவரை கூட ஆடும் நாலு பேரும் ஒதுங்கி நின்று காத்திருப்பார்கள்.

அந்த நாலைந்து நொடியை அவருக்குக் கொடுக்க ஒரு காலத்தில் என்.பி.ஏ.வில் எந்த அணியும் தயாராக இருந்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் யாருமே தயாராக இல்லை என்ற நிலை வந்தது. பட்டத்துக்குப் போட்டியிடும் ஓர் அணியின் பெஞ்சில், வயதான நட்சத்திரம் ஒருவர் பொருந்துவாரா என்ற கேள்வி கூடைப்பந்தில் வருஷா வருஷம் யாராவது ஒருவரைப் பற்றி எழும். மெலோவைப் பற்றி எழுந்தபோது அது நாலு வருஷம் அடங்காமல் இருந்தது. அவரைச் சின்ன வயசிலிருந்து ரசித்தவன் என்பதால் எனக்கு அது வெறும் கணக்காக இருக்கவில்லை.

புரூக்ளினில் பிறந்து பால்டிமோரில் வளர்ந்தவர். 2003-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு, முதலாண்டு மாணவராகவே, கல்லூரிச் சாம்பியன் பட்டத்தை வாங்கிக்கொடுத்துவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். என்.பி.ஏ. அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் அந்த வருஷத் தேர்வில் முதலில் அழைக்கப்பட்டவர் லெப்ரான் ஜேம்ஸ். மூன்றாவது மெலோ, நாலாவது கிறிஸ் பாஷ், ஐந்தாவது டுவைன் வேட். அதற்கு முந்தைய சீசனில் 82 ஆட்டத்தில் 17 மட்டுமே ஜெயித்த டென்வர் நக்கட்ஸ், மெலோ வந்த முதல் சீசனிலேயே 43 ஜெயித்து, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போனது. பத்தொன்பது வயசுப் பையன் ஆட்டத்துக்கு 21 புள்ளி எடுத்தான். அப்படி ஒருவனிடம் ஒருநாள் நீ பெஞ்சில் உட்காரவேண்டி வரும் என்று யார் சொல்லியிருக்க முடியும்?

2011 பிப்ரவரியில் நியூயார்க் நிக்ஸுக்குப் போனார். 2012–13 சீசனில் ஆட்டத்துக்கு 28.7 புள்ளி, லீகிலேயே அதிகம். நிக்ஸ் 54 ஆட்டம் ஜெயித்தது. 2014 ஜனவரி 24 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சார்லட் அணிக்கு எதிராக அவர் எடுத்த 62 புள்ளி இன்றைக்கும் பேசப்படுகிறது. 35 தடவை எறிந்து 23 போட்டார், ஃப்ரீ த்ரோ பத்துக்குப் பத்து. பாதி மைதானத்திலிருந்து எறிந்த ஒன்றும் உள்ளே போனது. அந்த ஆட்டத்தின் கணக்குத் தாளில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: அசிஸ்ட், பூஜ்யம். அவர் கொடுத்த பந்தில் கூட இருந்தவர் யாரும் அன்று கூடை போடவில்லை. அதை அன்று யாரும் குறையாகச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். அப்படி ஓர் இரவில் பந்து வேறு எவர் கைக்குப் போக வேண்டும்? ஆனால் பின்னால் நடந்தவை எல்லாவற்றுக்கும் வேர் அந்தத் தாளில் இருந்தது. அவருடைய ஆட்டம் அத்தனையும், பந்து தன்னிடம் வரும், வந்தபின் தன்னிடமே தங்கும் என்ற உறுதியின் மேல் கட்டப்பட்டது.

பெஞ்ச் என்றால் ஒதுக்கிவைப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். என்.பி.ஏ.வில் அது வேறுவிதமான உத்தியோகம். ஆட்டம் 48 நிமிடம். முதல் ஐவர் ஏழெட்டு நிமிடம் ஆடியபின் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். முதல் கால்பகுதியின் கடைசி, இரண்டாவதின் ஆரம்பம், இந்த நேரத்தில்தான் பெஞ்ச் ஆட்கள் களத்தில் இருப்பார்கள். எதிரணியிலும் அப்போது மாற்று ஆட்களே ஆடுவார்கள் என்பதால், புள்ளி எடுக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் ஆட்டத்தின் போக்கே மாறும். ‘சிக்ஸ்த் மேன்’ என்ற ஆறாவது ஆளுக்கு 1982–83 முதல் தனி விருதே உண்டு.

கஷ்டம் எங்கே என்றால், உடம்பிலும் பழக்கத்திலும். ஆட்டத்துக்கு முன் சூடேற்றிய உடம்பு, இருபது நிமிடம் உட்கார்ந்ததில் ஆறிப்போயிருக்கும். முப்பத்துநாலு வயசு முழங்கால் மறுபடி இளகச் சில நிமிடம் கேட்கும், கொடுப்பதோ ஆறே நிமிடம். மெலோ மாதிரி ஆட்கள் ஆட்டத்துக்குள் நுழைவதே, பத்துத் தடவை பந்தைத் தொட்டு, நாலு ஷாட் தவறவிட்டு, ஐந்தாவதில் தாளம் பிடித்துத்தான். சாவகாசமாக ராகம் பாடிப் பழகிய வித்துவானிடம், மேடையேறியதும் ஒரு துக்கடா பாடிவிட்டு இறங்குங்கள் என்று கேட்பதைப் போன்றது இது. அவருக்குத் துக்கடா தெரியாது என்று அர்த்தமில்லை. ராகம் பாடாமல் குரல் எழும்புமா என்பதே அவருடைய பயம்.

அந்தப் பயம் மெலோவுக்குத் தேவையே இல்லை என்பதற்குச் சாட்சி 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ். அமெரிக்க அணியின் முதல் ஐவரில் அங்கே அவர் இல்லை. லெப்ரான், கோபி பிரையன்ட், கெவின் டூரன்ட் எல்லாரும் முதலில் இறங்க, மெலோ பெஞ்சிலிருந்து வந்தார். நைஜீரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் 14 நிமிடமே ஆடி 37 புள்ளி எடுத்தார். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து பன்னிரண்டு எறிந்து பத்து உள்ளே போயின. அமெரிக்கா 156–73 என்று ஜெயித்தது. அந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். காலை முன்னால் வைத்து எடுக்கும் வேலை ஏறக்குறைய இல்லை. இன்னொருவர் வளையத்தை நோக்கிப் பாய்வார், தடுப்பவர்கள் அவர் பக்கம் சாய்வார்கள், பந்து வெளியே மெலோ கைக்கு வரும், வந்த வேகத்தில் வளையத்துக்குப் போகும். ஒரு நொடிகூட ஆகாது. ஒலிம்பிக்ஸில் மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டரில் இருக்கிறது, என்.பி.ஏ.வில் 7.24. அந்தச் சலுகையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், வந்த பந்தை வந்தபடியே எறியும் திறமை அவரிடம் எப்போதும் இருந்தது. தேசிய அணியில் அதை மனமாரக் கொடுத்தார். சுற்றிலும் தனக்குச் சமமானவர்கள், ஆடுவதோ சில வாரம். தான் இறங்கிப்போவதாக அங்கே அவருக்குத் தோன்றவில்லை. கிளப்பில் அது வருஷக்கணக்கான சம்மதம். சம்பளம், பெயர், வயசு எல்லாம் அதில் சேர்ந்துவிடும்.

இதற்கிடையில் ஆட்டமே அவர் காலடியில் மாறிவிட்டது. அவர் வந்த 2003–04 சீசனில் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 15 மூன்று புள்ளி ஷாட் எறிந்தது. 2018–19-இல் அது 32 ஆனது, ஹூஸ்டன் ராக்கெட்ஸ் மட்டும் 45-ஐத் தாண்டியது. கணக்கு எளிது. மூன்று புள்ளி ஷாட்டை நூற்றுக்கு முப்பத்தைந்து போட்டால் 105 புள்ளி. மெலோ நின்ற இடத்திலிருந்து இரண்டு புள்ளி ஷாட்டை நூற்றுக்கு நாற்பத்தைந்து போட்டாலும் 90. பழைய நாளில் அழகென்று பார்க்கப்பட்டது, இப்போது அணி அலுவலகத்தில் நஷ்டமாகப் பதிவானது.

தடுப்பாட்டம் அதைவிட மோசமாக அவரை மாட்டவைத்தது. எதிரணி ஒருவரை முட்டுக்கட்டையாக நிறுத்தி, அதாவது ஸ்கிரீன் போட்டு, தங்களுக்கு வேண்டிய ஆளை மெலோவுக்கு எதிரில் கொண்டுவந்து நிறுத்திக்கொள்ளும். வேகமான ஒரு கார்டு முன்னால் வந்துவிட்டால் முப்பதைத் தாண்டிய மெலோவின் கால்கள் பக்கவாட்டில் நகர மறுத்தன. பிளேஆஃபில் இதை மறைக்க முடியாது. ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டம் வரை ஆட வேண்டும். யாரைக் குறிவைக்கலாம் என்று இரண்டாவது ஆட்டத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

2017 செப்டம்பரில் ஓக்லஹோமா சிட்டி தண்டருக்கு வந்தார். ரசல் வெஸ்ட்புரூக், பால் ஜார்ஜ், மெலோ என்று மூன்று பெரிய பெயர்கள். பெஞ்சிலிருந்து ஆடுவீர்களா என்று பத்திரிகையாளர் ஒருவர் கேட்டதற்கு, என்னையா கேட்கிறீர்கள் என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு காணொளியாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. சீசன் முழுக்க முதல் ஐவரிலேயே ஆடினார். ஆட்டத்துக்கு 16.2 புள்ளி, எறிந்ததில் நாற்பது சதவீதம்தான் உள்ளே போனது. பிளேஆஃபில் யூட்டாவிடம் தோற்றார்கள். அந்தத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 25 புள்ளி பின்தங்கியிருந்த தண்டர் எழுந்துவந்து ஜெயித்தது. அந்த எழுச்சி நடந்தபோது மெலோ பெரும்பாலும் வெளியேதான் உட்கார்ந்திருந்தார். தொடர் முடிந்ததும், பெஞ்ச் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அறிவித்தார்.

அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினைந்து வருஷம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டம், ஒரு தடவைகூட என்.பி.ஏ.வில் பெஞ்சிலிருந்து எழுந்து வராதவர் அவர். நேற்றுவரை அவர் கையில் பந்தைக் கொடுத்துக் காப்பாற்று என்று கெஞ்சிய ஆட்டம், இன்று மூலையில் போய் நில் என்கிறது. சிரிக்காமல் என்ன செய்வார்? இருந்தாலும் அந்தச் சிரிப்பு அவருக்கு நல்லது செய்யவில்லை. அடுத்து அவரை எடுக்க நினைத்த ஒவ்வோர் அணியும் அதை முதலில் பார்த்துவிட்டுத்தான் பேச வந்தது.

2018 ஆகஸ்டில் ஹூஸ்டன். முந்தைய சீசனில் 65 ஆட்டம் ஜெயித்து, கோல்டன் ஸ்டேட்டை ஏழாவது ஆட்டம்வரை இழுத்து, அந்த ஏழாவதில் தொடர்ச்சியாக 27 மூன்று புள்ளி ஷாட்டைத் தவறவிட்டுத் தோற்ற அணி. பட்டத்துக்கு இவ்வளவு அருகில் மெலோ 2009-க்குப் பிறகு நின்றதே இல்லை. அந்த வருஷம் டென்வரோடு மேற்கு இறுதிவரை போய் லேக்கர்ஸிடம் தோற்றிருந்தார். ஹூஸ்டனில் நண்பர் கிறிஸ் பால் இருந்தார். பயிற்சியாளர் மைக் டி’ஆன்டனி. நியூயார்க்கில் மெலோவுக்கும் இவருக்கும் ஒத்துவராமல், இவர் 2012-இல் பதவி விலகிய கதை ஊரறிந்தது. இந்தத் தடவை பெஞ்சுக்கு மெலோ ஒத்துக்கொண்டார்.

ஒத்துக்கொண்டதில் குறையில்லை என்று காட்டவும் செய்தார். நவம்பர் 2 அன்று, தான் பிறந்த புரூக்ளினில், பெஞ்சிலிருந்து வந்து 28 புள்ளி. ஆறு நாள் கழித்து ஓக்லஹோமா சிட்டியில், போன வருஷம் தன் வீடாக இருந்த அதே அரங்கில், பதினொரு ஷாட் எறிந்து ஒன்றே ஒன்று உள்ளே போனது. இரண்டு புள்ளி. ஹூஸ்டனுக்காக அவர் ஆடிய பத்தாவது ஆட்டம் அது, கடைசியும் அதுவே. ஒரு வாரத்தில் பிரிவு அறிவிப்பு வந்தது.

பத்து ஆட்டம். அந்த அணியின் தடுப்பாட்டம் அப்போது குலைந்துகிடந்தது உண்மை. டிரெவர் அரீசா போய்விட்டார், லுக் பா அ மூட்டே போய்விட்டார். தடுப்பாட்ட முறையை வகுத்துக்கொடுத்த உதவிப் பயிற்சியாளர் ஜெஃப் பிஸ்டெலிக் ஓய்வெடுத்துக்கொண்டு போயிருந்தார். டென்வரில் மெலோவின் முதல் தலைமைப் பயிற்சியாளர் இதே பிஸ்டெலிக்தான். மெலோ போன அதே நவம்பரில் ஹூஸ்டன் பிஸ்டெலிக்கைத் திரும்ப அழைத்துக்கொண்டது. யாரைத் தடுக்கிறோம் என்பதைக் கணத்துக்குக் கணம் மாற்றிக்கொள்ளும் ‘ஸ்விட்ச்’ முறையில் ஒருவர் தாமதித்தாலும் ஐவரும் குலைவார்கள். மெலோ தாமதித்தார். ஆக, கூடைப்பந்துக் காரணம் இருந்தது. ஆனால் 4 வெற்றி, 6 தோல்வி என்று நின்ற ஓர் அணியின் எல்லாச் சிக்கலையும் ஒருவர் தலையில் கட்டி அனுப்பியது நியாயமில்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பதினைந்து வருஷப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளக் கொடுத்த அவகாசம் மூன்று வாரத்துக்குச் சற்றே அதிகம்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் எந்த அணியும் கூப்பிடவில்லை. சிகாகோவுக்கு மாற்றப்பட்டு, ஓர் ஆட்டம்கூட ஆடாமல் விடுவிக்கப்பட்டார். அவரோடு ஒரே நாளில் லீகுக்குள் வந்த டுவைன் வேட் அந்தச் சீசனில்தான் மயாமியில் பெஞ்சிலிருந்து ஆடி, ஆட்டத்துக்கு 15 புள்ளி எடுத்து, போன ஊரிலெல்லாம் எதிரணி ஆட்களோடு ஜெர்ஸி மாற்றிக்கொண்டு விடைபெற்றார். வேட் அதற்கு முந்தைய வருஷமே கிளீவ்லண்டில் மூன்று ஆட்டம் ஆடிவிட்டு, என்னைப் பெஞ்சுக்கு மாற்றுங்கள் என்று தானே கேட்டவர். மூன்று பட்டம் கையில் இருந்தவருக்கு அப்படிக் கேட்பது சுலபம் என்று சொல்லலாம். மெலோவுக்கு ஒன்றுமில்லை.

மெலோவுக்கு முன்னால் இரண்டு வழிகள் தெரிந்திருக்கும். ஒன்று, டென்வரில் அவரோடு ஆடிய ஆலன் ஐவர்சன் போன வழி. 2009-இல் டெட்ராய்ட்டில் பெஞ்சை மறுத்தார். அந்த வருஷக் கடைசியில் மெம்ஃபிஸில் சேர்ந்து, அங்கேயும் அதே பேச்சு வர, மூன்றே ஆட்டத்தில் விலகினார். தன் பழைய அணியான ஃபிலடெல்ஃபியாவுக்கு ஒருமுறை வந்துபோனதோடு அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது. இன்னொன்று பாப் மக்கடூ போன வழி. 1975-இன் சிறந்த ஆட்டக்காரர், மூன்று வருஷம் தொடர்ச்சியாகப் புள்ளிப் பட்டியலில் முதலிடம். தனக்காக ஆடுகிறவர் என்று பேர் வாங்கி அணி அணியாக அலைந்தவரை, 1981 டிசம்பரில், மிட்ச் கப்சாக்கின் முழங்கால் காயமானதால் லேக்கர்ஸ் அழைத்துக்கொண்டது. மேஜிக் ஜான்சனும் கரீம் அப்துல் ஜப்பாரும் இருந்த அணியில் அவர் பெஞ்சிலிருந்து வந்தார். 1982, 1985 என்று இரண்டு பட்டம். பில் வால்டனையும் சேர்க்க வேண்டும். கால் எலும்புகள் முறிந்து முறிந்து பாதி வாழ்க்கையைத் தொலைத்தவர். பாஸ்டன் செல்டிக்ஸின் ரெட் ஆவர்பாக்குக்குத் தானே ஃபோன் போட்டு இடம் கேட்டார். 1985–86-இல் 80 ஆட்டம் ஆடி, அந்தச் சீசனின் சிறந்த ஆறாவது ஆளுமாகி, பட்டமும் வாங்கினார்.

மக்கடூவுக்கும் வால்டனுக்கும் கிடைத்தது என்ன என்று பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. இரண்டு பேரையும் அழைத்த அணிக்கு அவர்களிடமிருந்து என்ன வேண்டும் என்று திட்டமாகத் தெரிந்திருந்தது. உயரமானவர் உட்காரும் நேரத்தில் உயரமான இன்னொருவர், அவ்வளவுதான். ஹூஸ்டனுக்கு மெலோவிடம் என்ன வேண்டும் என்று தெரிந்திருக்கவில்லை. போனவர்கள் தடுப்பாட்டக்காரர்கள், அவர்களுக்குப் பதிலாக வந்தவரோ புள்ளி எடுப்பவர். ஆளின் மனசு மாறுமா என்று எல்லாரும் மெலோவையே கேட்டுக்கொண்டிருந்தோம். அணியின் பக்கம் திரும்பி, இவருக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் வேலை என்ன என்று கேட்டவர் குறைவு.

2019 நவம்பர் 19. ஓக்லஹோமா இரவுக்குப் பிறகு 376 நாள் கழித்து, நியூ ஆர்லீன்ஸில் போர்ட்லண்ட் டிரெய்ல் பிளேஸர்ஸ் சட்டையில் மெலோ இறங்கினார். முதுகில் 00. அந்த அணியில் காயம்பட்டவர்கள் அதிகம், ஆள் தேவைப்பட்டது, அதனால் பெஞ்ச் பேச்சே எழவில்லை. முதல் நாள் பத்துப் புள்ளி. பதினைந்து நாளுக்குள் மேற்குப் பிரிவின் அந்த வாரத்துச் சிறந்த ஆட்டக்காரர். ஜனவரியில் டொராண்டோவில், கடைசி நொடிகளில், பழைய மெலோ மாதிரியே ஒரு ஷாட் போட்டு ஜெயித்துக்கொடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உண்மையான மாற்றம் அதற்கு அடுத்த சீசனில் வந்தது. போர்ட்லண்ட் ராபர்ட் கவிங்டனை வாங்கியது, தடுப்பாட்டத்துக்காக அவரை முதல் ஐவரில் நிறுத்தியது. மெலோ பெஞ்சுக்குப் போனார். 69 ஆட்டத்தில் மூன்றில் மட்டும் முதலில் இறங்கினார். ஆட்டத்துக்கு 24 நிமிடம், 13.4 புள்ளி, மூன்று புள்ளி ஷாட் 40.9 சதவீதம். 62 புள்ளி எடுத்த அந்தச் சீசனில்கூட அவருக்கு அந்தச் சதவீதம் இல்லை. முப்பத்தாறு வயசில், என்.பி.ஏ.வின் நீண்ட கோட்டிலிருந்து, லண்டன் மெலோ வந்துவிட்டார். அணியின் முதல் நட்சத்திரம் டேமியன் லில்லார்ட் உட்காரப் போகும்போது இவர் எழுந்து சட்டைப் பொத்தானைப் பிரித்துக்கொண்டு வருவார். இரண்டாவது கால்பகுதியின் முதல் நாலைந்து நிமிடம் அவருடையது. அதில் ஒன்றிரண்டு தடவை பழைய இடத்தில் பந்தை வாங்கி, காலை முன்னால் வைத்து எடுக்கவும் விடுவார்கள். மற்ற நேரம் மூலையில் காத்திருப்பார், பந்து வந்தால் எறிவார், வராவிட்டால் ஓடித் தடுப்பாட்டத்துக்குத் திரும்புவார். அந்தத் திரும்பி ஓடுவதைத்தான் நான் கவனித்தேன். நியூயார்க்கில், பந்து வராத கோபத்தில் நடந்து திரும்பிய நாட்கள் உண்டு.

2021 ஆகஸ்டில், 2003-இன் பழைய நண்பன் லெப்ரான் இருந்த லேக்கர்ஸுக்குப் போனார். பட்டத்துக்கான அணி என்று எல்லாரும் எழுதினார்கள். அக்டோபர் 24 அன்று மெம்ஃபிஸுக்கு எதிராகப் பெஞ்சிலிருந்து 28 புள்ளி, எட்டு மூன்று புள்ளி ஷாட்டில் ஆறு உள்ளே. மோசஸ் மலோனைத் தாண்டி லீக் வரலாற்றின் அதிகப் புள்ளிப் பட்டியலில் ஒன்பதாவது இடத்துக்கு வந்ததும் அன்றுதான். அந்தச் சீசனில் லேக்கர்ஸுக்கு முதல் வெற்றியும் அதுவே. சொந்த அரங்கு எழுந்து நின்று கத்தியது. சீசன் முடிவில் மெலோவின் கணக்கு 69 ஆட்டம், 13.3 புள்ளி. சொன்ன வேலையைச் செய்திருந்தார். அணியோ 33 வெற்றி, 49 தோல்வி என்று பிளேஆஃபுக்கே போகவில்லை.

அதன்பின் அழைப்பு இல்லை. 2023 மே 22-இல் ஓய்வை அறிவித்தார். 19 சீசன், 28,289 புள்ளி, பத்து ஆல் ஸ்டார், மூன்று ஒலிம்பிக் தங்கம், ஒரு தடவைகூட என்.பி.ஏ. இறுதிச் சுற்று இல்லை. 2025 செப்டம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டிலுள்ள ஹால் ஆஃப் ஃபேமில் இரண்டு விதத்தில் சேர்க்கப்பட்டார்: தனி ஆளாக ஒன்று, 2008-இல் பெய்ஜிங்கில் ஜெயித்த அமெரிக்க அணியில் ஒருவராக இன்னொன்று.

பட்டத்துக்குப் போட்டியிடும் அணியின் பெஞ்சில் மெலோ பொருந்துவாரா என்ற கேள்விக்கு லீக் கடைசிவரை நேராக விடை தேடவில்லை. பெஞ்சுக்கு இன்னும் பழகாதபோது ஓர் அணி கிடைத்தது, அதுவும் பத்து ஆட்டத்துக்கு. பழகியபின் கிடைத்த அணிகளுக்குப் பட்டம் வெகுதூரம். எனக்குத் தெரிந்தவரை விடை இப்படி. 2020–21-இன் மெலோவை 2018–19-இன் ஹூஸ்டனுக்குக் கொடுத்திருந்தால், அந்த அணியின் முதன்மை ஆட்டக்காரர் ஜேம்ஸ் ஹார்டன் உட்காரும் நேரத்தில், கிறிஸ் பாலோடு, ஆட்டத்துக்குப் பதினெட்டு நிமிடம் ஆடியிருப்பார். அந்தப் பதினெட்டில் பன்னிரண்டு புள்ளி வந்திருக்கும். 2019 மே மாதம், கெவின் டூரன்ட் காயத்தில் வெளியே இருக்க, சொந்த அரங்கில் கோல்டன் ஸ்டேட்டிடம் 118–113 என்று தோற்று ஹூஸ்டன் வெளியேறிய ஆறாவது ஆட்டத்தில், அப்படிப்பட்ட பன்னிரண்டு புள்ளிக்கு விலை அதிகம். ஆனால் அதே ஆட்டத்தின் கடைசி ஆறு நிமிடத்தில் அவரைக் களத்தில் வைத்திருக்க முடியாது. இரண்டாம் பாதியில் மட்டும் 33 புள்ளி எடுத்த கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டீபன் கரி, ஒவ்வொரு தடவையும் அவரைத்தான் தேடிப்பிடித்து எதிரில் நிறுத்தியிருப்பார். பதினெட்டு நிமிடத்துக்கு ஆம், கடைசி ஆறுக்கு இல்லை. 2018 ஆகஸ்டில் இதை அவரை உட்காரவைத்து வெளிப்படையாகச் சொல்லி, ஒரு சீசன் பொறுத்திருக்க வேண்டியது ஹூஸ்டனின் வேலை.